கண்ணுக்குள் வைத்த கண்ணாடி

சென்ற மாதம் மெல்பேணிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எழுபதுகளில் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் ஒப்புநோக்காளர் மேசையில் எனக்கு எதிரே அமர்ந்து பணியாற்றியவர். நலம் விசாரித்து முடிந்ததும் விடயத்துக்கு வந்தார். அவருடைய பேத்திக்குப் பத்தொன்பது வயது. கண்ணாடியை எத்தனை தடவை மாற்றியும் பார்வை தெளியவில்லை. வைத்தியர் கொன்டக்ட் லென்ஸ் அணியச் சொன்னார். அணிந்த மூன்றாம் நாளே பிள்ளை அதைக் கழற்றி எறிந்துவிட்டாள்.

"கண்ணுக்குள்ளே மணல் விழுந்த மாதிரிக் கிடக்குதாம். உமக்கும் இதே வருத்தம்தானே? நீர் எப்பிடி ஐசே இவ்வளவு காலமும் சமாளிச்சனீர்?" என்று கேட்டார்.

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதத் தொடங்கியபோதுதான், என் கண்ணின் கதையை அந்தச் சிறிய வில்லையின் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பது விளங்கியது. எனவே இதனை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் 1972ஆம் ஆண்டு ஒப்புநோக்காளனாகப் பத்திரிகைத் துறைக்கு வந்தேன். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலம் அது. மை காயாத புறூவ் தாள்களை மஞ்சள் விளக்கின் கீழ் வைத்து, ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தேடிக்கொண்டிருப்பது எமது தொழில். இரண்டு ஆண்டுகளுக்குள் எனக்கு எழுத்துக்கள் இரட்டையாகவும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நிழல் வால் தொங்குவது போலவும் தெரியத் தொடங்கின. தெரு விளக்குகள் வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களாகத் தெரிந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடி மாற்றினேன். பயனில்லை. 1975இல் கொழும்பிலே ஒரு கண் வைத்தியர், மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தார். என்னைக் கீழே பார்க்கச் சொல்லி, கீழிமை கூம்பாகப் பிதுங்குவதைப் பக்கத்திலிருந்து கவனித்தார். பின்னர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

கருவிழியின் முன்னே கைக்கடிகாரக் கண்ணாடி போல மூடியிருப்பது விழிவெண்படலம். குறுக்களவு ஏறத்தாழ பன்னிரண்டு மில்லிமீற்றர். நடுவில் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவு. கண்ணுக்குள் புகும் ஒளியை வளைக்கும் வேலையில் பெரும் பங்கு இதனுடையது. சிலருக்கு இளவயதில் இது மெலிந்து, உருண்டை வடிவை இழந்து, கூம்பாக முன்னே தள்ளுகிறது. கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று இன்று கூறுகிறார்கள். இரவு முழுதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே புறூவ் திருத்தியவன் நான். மேற்பரப்பே கோணலாகிவிட்டால், அதற்கு முன்னே பன்னிரண்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்கும் மூக்குக் கண்ணாடியினால் என்ன செய்ய முடியும்? கோணலின் மேலேயே ஒரு சீரான பரப்பை வைத்து, இடைவெளியைக் கண்ணீரால் நிரப்ப வேண்டும். அப்போது ஒளி கோணலைக் காணாது. புதிய பரப்பையே காணும். தொடுவில்லையின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தத் தத்துவத்தை லியனார்டோ டாவின்சி 1508இல் கண்டுபிடித்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் ஞாயிறு இதழொன்றில் அவ்வாறு எழுதியிருக்கிறேன். இப்போது திருத்திக்கொள்கிறேன். நீர் நிரம்பிய கிண்ணத்துள் முகத்தை வைக்கும் மனிதனைப் பற்றி அவர் குறித்து வைத்தது உண்மை. ஆனால் அவர் ஆராய்ந்தது கண்ணுக்குள் உருவம் எவ்வாறு விழுகிறது என்பதையே. பார்வைக் குறையைத் திருத்தும் எண்ணம் அங்கே இல்லை. 1637இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் தமது ஒளியியல் நூலில், நீர் நிரப்பிய குழாய் ஒன்றைக் கண்ணோடு ஒட்டி வைப்பது பற்றி எழுதினார். அதை வைத்துக்கொண்டு கண் சிமிட்ட முடியாது. 1801இல் ஆங்கிலேயர் தோமஸ் யங், சிறு வில்லை பொருத்திய குழியொன்றின் விளிம்பை மெழுகால் அடைத்து, நீர் நிரப்பித் தமது கண்ணிலேயே வைத்துப் பார்த்தார். கிட்டே பார்க்கும்போதும் எட்டப் பார்க்கும்போதும் கண்ணின் எந்தப் பகுதி மாறுகிறது என்பதை அறிவதற்கான சோதனை அது.

எனக்கு இவர்கள் எல்லோரையும் விட நெருங்கியவர் வானியலாளர் ஜோன் ஹேர்ஷல். 1820களின் இறுதியில், ஒளி பற்றிக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு எழுதிய நீண்ட கட்டுரையில், கோணலான விழிவெண்படலத்துக்கு என்ன செய்யலாம் என்று அவர் நேராகவே கேட்கிறார். உருண்டையான கண்ணாடி மூடி ஒன்றுக்குள் விலங்குக் கொழுப்பசை போன்ற தெளிந்த பொருளை நிரப்பிக் கண்ணின் மேல் வைக்கலாம் என்கிறார். கண்ணை அச்செடுத்து அதற்கேற்ப வார்க்கலாம் என்றும் சொல்கிறார். செய்து பார்க்கவில்லை. மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லாத காலத்தில் எவர் தமது விழியை அச்செடுக்கக் கொடுப்பார்? கொக்கேய்ன் கரைசலால் கண்ணை மரக்கச் செய்யலாம் என்பதை வியன்னாவில் கார்ல் கொல்லர் காட்டியது 1884இல். அதற்குப் பின் நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஒருவரையொருவர் சாராமல் பலர் இந்த வேலையில் இறங்கினார்கள்.

1887இல் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில், செயற்கைக் கண் செய்யும் முல்லர் குடும்பத்தினர், புற்றுநோயால் இமையை இழந்த ஒருவரின் கண் உலர்ந்துபோகாமல் காக்க மெல்லிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை ஊதிக் கொடுத்தார்கள். பார்வைக்காக அன்று, பாதுகாப்புக்காக. அதனை அந்த நோயாளி பல ஆண்டுகள் அணிந்திருந்தார். அடுத்த ஆண்டு பாரிசில் ஏஜென் கால்ட் என்ற இளம் வைத்தியர், கூம்பான விழிவெண்படலம் உள்ளவர்களுக்கே கண்ணாடி ஓடு செய்து அணிவித்தார். 1888 மார்ச் மாதத்தில் அது பிரெஞ்சு மருத்துவக் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. எமது நோய்க்காரர் பரம்பரை அங்கே தொடங்குகிறது.

அதே 1888இல் சூரிச்சில் அடொல்ப் காஸ்டன் ஒய்கன் பிக் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் அத்திவாரம். முதலில் முயல்களின் கண்ணில் சோதித்தார். பின்னர் தமது கண்ணில். அதன் பின்னரே நோயாளிகளின் கண்ணில். ஜெனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபேயின் துணையோடு ஸைஸ் நிறுவனம் வில்லைகளைச் செய்து கொடுத்தது. அவை கருவிழியை மட்டுமன்றி வெண்விழியையும் மூடிய பெரிய கிண்ணங்கள். உள்ளே குளுக்கோஸ் கரைசலை நிரப்பி அணிய வேண்டும். இரண்டு மணித்தியாலம் வரையே தாங்கலாம். அதற்குப் பின் பார்வை புகைபோல மங்குகிறது, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று பிக் நேர்மையாகக் குறித்து வைத்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை.

காரணம் ஒட்சிசன். விழிவெண்படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. இருந்தால் அதனூடாகப் பார்க்க முடியாது. ஆகவே அது தனக்கு வேண்டிய ஒட்சிசனின் பெரும்பகுதியை, கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்து பெறுகிறது. மூடிவிட்டால் வீங்கி மங்குகிறது. ஒரு வில்லையின் ஊடாக எவ்வளவு ஒட்சிசன் செல்லும் என்பதை இன்று கணக்கிடுவதற்கு அடிப்படையான பரவல் விதியை 1855இல் வகுத்தவர் அடொல்ப் ஒய்கன் பிக். சூரிச் வைத்தியரின் சிறிய தந்தையார்; தகப்பனை இழந்த பிள்ளையை வளர்த்தெடுத்தவரும் அவரே. தம்மை வளர்த்தவரின் விதியே தமது வில்லைக்கு எதிரி என்பதை மகன் அறிந்திருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகச் செய்தி தேடிய எனக்கு, இதை முதன்முதலாகப் படித்த அன்று உறக்கம் வரவில்லை.

1889இல் கீல் பல்கலைக்கழக மாணவன் ஓகஸ்ட் முல்லரின் கதை பரிதாபமானது. அவனுக்குத் தனது பதினான்கு டயொப்டர் குறும்பார்வையைத் தானே திருத்திக்கொள்ள ஆசை. கொக்கேய்ன் இட்டுக்கொண்டும் அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அதையே ஆய்வேடாக எழுதிப் பட்டம் பெற்று, கண்ணை விட்டு எலும்பு மருத்துவத்துக்குப் போய்விட்டான்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. அளவு மட்டும் நுட்பமானது. புடாபெஸ்ட் நகரில் யோசெப் டலோஸ் உயிருள்ள கண்ணையே அச்செடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வில்லை செய்தார். ஆயத்த அளவுகளில் ஒன்றைத் தெரிந்து அணிவிப்பதை விட, கண்ணுக்குக் கண் அளவெடுப்பதே சுகம் தரும் என்று நிறுவியவர் அவர். 1937இல் ஹங்கேரியை விட்டு இலண்டன் சென்று அங்கேயே தமது வேலையைத் தொடர்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பேர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் நாம் அறிந்த அக்கிரிலிக் பிளாஸ்டிக் வந்தது. கண்ணாடியின் பாரம் குறைந்தது, உடையும் அச்சம் போனது.

இங்கே ஒரு கிளைக்கதை. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் மூடி அதே பிளாஸ்டிக்கினால் ஆனது. குண்டு பட்டு நொறுங்கியபோது அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தன. அவற்றைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதை இலண்டன் வைத்தியர் ஹரல்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29ஆம் திகதி, கண்புரை அகற்றிய கண்ணுக்குள் முதலாவது செயற்கை வில்லையைப் பொருத்தினார். என் வயதினரில் பாதிப்பேர் இன்று அதன் தயவில்தான் பத்திரிகை வாசிக்கிறோம். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஓரோலாப் 1992 முதல் அதனைக் குறைந்த விலையில் செய்து உலகெங்கும் அனுப்புகிறது.

தொடுவில்லை சிறுத்தது ஒரு விபத்தினால். 1948இல் லொஸ் ஏஞ்சலிஸில் கெவின் டூயி என்பவர் பெரிய பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தபோது, வெண்விழியை மூடும் வெளி வட்டம் உடைந்து விழுந்தது. எஞ்சிய நடுப்பகுதியின் விளிம்பைத் தேய்த்து அவர் தமது கண்ணிலேயே வைத்துப் பார்த்தார். நின்றது. கருவிழியை மட்டும் மூடி, கண்ணீரின் மேல் மிதக்கும் வில்லை அவ்வாறு பிறந்தது என்று சொல்வார்கள். யப்பானில் நடந்தது இன்னும் சுவையானது. 1951இல் நகோயாவில் கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்த கியோயிச்சி தனகா என்ற இளைஞரிடம், அமெரிக்க அதிகாரி ஒருவரின் மனைவி தம்மிடம் தொடுவில்லை இருப்பதாகப் பெருமை பேசினார். காட்டுமாறு கேட்டபோது மறுத்துவிட்டார். காணாத பொருளைத் தனகா தாமே கற்பனை செய்து கடைந்து, தமது கண்ணில் சோதித்தார். மெனிக்கன் என்ற பெரும் நிறுவனத்தின் தொடக்கம் அது.

எனக்குக் கிடைத்ததும் டூயி வகை வில்லைதான். ஆனால் 1975இல் இலங்கையில் வெளிநாட்டுச் செலாவணிக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. வைத்தியர் அளவெடுத்துத் தந்த தாள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் என் சட்டைப்பையில் கிடந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், இலண்டனிலிருந்த மைத்துனர் ஒருவர் மூலம் 1978இல் வந்து சேர்ந்தது. முதல் நாள் கண்ணீர் பெருகி மூக்கால் ஓடியது. மூன்றாம் வாரம் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைக் கண்டேன். அதற்கு முன் அந்தக் கடிகாரத்துக்கு வினாடி முள் இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தக் கடின பிளாஸ்டிக் துளி ஒட்சிசனையும் உள்ளே விடாது. இமை சிமிட்டும்போது அடியில் புகும் கண்ணீரே கண்ணின் மூச்சு. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் அணியாதே என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தேர்தல் இரவுகளில் பத்திரிகைக்காரனுக்கு எட்டு மணித்தியாலம் எங்கே? ஒரு முறை பதினாறு மணித்தியாலம் அணிந்துவிட்டு உறங்கப் போனேன். அதிகாலை இரண்டு மணிக்கு இரு கண்களிலும் கத்தி இறங்கியது போன்ற வலியில் எழுந்து, விடியும்வரை ஈரத்துணியோடு இருந்தேன். இன்னொரு முறை வில்லை அச்சுக்கோப்பாளரின் ஈய எழுத்துப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. நான்கு பேர் தட்டுத் தட்டாகத் தேடி, ணகர அறைக்குள் கண்டெடுத்தார்கள். நான் அதை வாயிலிட்டு உமிழ்நீரில் நனைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அக்காலத்தில் எல்லோரும் செய்ததுதான். இன்று நினைத்தால் உடல் கூசுகிறது.

நாம் கொழும்பில் இவ்வாறு அல்லற்பட்டுக்கொண்டிருந்தபோது மென்மையான வில்லை உலகில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அதன் பிறப்பு பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஒட்டோ விக்டர்லே 1913இல் இன்றைய செக் நாட்டில் பிறந்த வேதியியலாளர். நாசி ஆட்சியில் 1942இல் கெஸ்டாப்போவினால் சிறையிடப்பட்டவர். 1952இல் புகையிரதப் பயணம் ஒன்றில், பக்கத்தில் இருந்த சுகாதார அமைச்சு வைத்தியர் கண்ணுக்குள் உலோகம் பொருத்துவது பற்றிய கட்டுரையை வாசிப்பதைக் கண்டார். உலோகத்தை விட, நீரை உறிஞ்சும் பிளாஸ்டிக் உடம்புக்கு உகந்தது என்று வாதிட்டார். வாதம் வேலையாயிற்று. அவரும் டிரகோஸ்லாவ் லிம் என்பவரும் சேர்ந்து, நீரில் ஊறி மெதுமையாகி, ஆயினும் தெளிவாகவே இருக்கும் ஒரு பசையைப் படைத்தார்கள். 1960இல் அந்த ஆய்வு நேச்சர் சஞ்சிகையில் வெளியானது. இடையில் 1958இல் அரசியல் காரணங்களுக்காக அவர் பிராக் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்.

பசை இருந்தது, வில்லை வரவில்லை. மூடிய அச்சில் வார்த்தால் விளிம்பு கிழிந்தது. அமைச்சு ஆர்வத்தை இழந்து ஆராய்ச்சியை நிறுத்தியது. 1961 நத்தார்க் காலத்தில், வீட்டுச் சமையலறையில், பிள்ளைகளின் மேர்க்கூர் என்ற விளையாட்டுப் பொருத்துப் பெட்டியின் தகடுகளைக் கொண்டு ஒரு சிறு பொறியை அவர் கட்டினார். மகனின் சைக்கிள் டைனமோ அதைச் சுழற்றியது. அழைப்பு மணியின் மின்மாற்றி மின்னைக் கொடுத்தது. சுழலும் திறந்த அச்சில் திரவத்தை விட்டபோது, அது தானாகவே பரவி, விளிம்பு மெலிந்த கிண்ணமாக உறைந்தது. அன்று நான்கு வில்லைகள். டைனமோவுக்கு வலு போதாமல் பின்னர் கிராமபோன் மோட்டாரைப் பூட்டினார். வைத்தியரான மனைவி லிண்டாவும் துணைநிற்க, 1962இன் முதல் நான்கு மாதங்களில் ஐயாயிரத்து ஐந்நூறு வில்லைகள் அந்த வீட்டிலிருந்து வெளிவந்தன.

அரசு அந்த உரிமையை 1965இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. அது பவுஷ் அன்ட் லோம் நிறுவனத்துக்குக் கைமாறி, 1971 மார்ச்சில் அமெரிக்க அரசின் அனுமதியுடன் சந்தைக்கு வந்தது. கோடிகள் புரண்டன. விக்டர்லேயின் கைக்கு வந்தது மிகச் சொற்பம். 1968இல் 'இரண்டாயிரம் சொற்கள்' என்ற சீர்திருத்த அறிக்கையில் கையொப்பமிட்டிருந்தமையால், சோவியத் படைகள் புகுந்த பின்னர் அவருடைய நிறுவக இயக்குநர் பதவியும் பறிபோனது. 1990இல் மாற்றம் வந்ததும் நாட்டின் அறிவியல் கழகத் தலைவரானார். 1998இல் மறைந்தார். கடைசிவரை அவர் அணிந்தது சாதாரண மூக்குக் கண்ணாடிதான்.

மென்வில்லையின் சுகம் உண்மையானது. ஆனால் என் போன்றோருக்கு அது உதவாது. மென்மையாக இருப்பதனாலேயே அது கூம்பின் மேல் கூம்பாகவே படிந்துவிடும், கோணல் மறையாது. சுகம் தரும் வில்லை பார்வை தராது, பார்வை தரும் வில்லை சுகம் தராது. பிள்ளையின் துயரம் அதுவாகவே இருக்கக்கூடும் என்று நண்பருக்குச் சொன்னேன்.

அவருடன் பேசிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. 1983 ஜூலை 25ஆம் திகதி திங்கட்கிழமை, முதல் நாள் இரவுப் பணியால் கண் சிவந்திருந்தமையால், வில்லைகளைக் கழற்றி மேசையில் சிறு டப்பாவில் வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் எமது ஒழுங்கைக்குள் கும்பல் நுழைந்தபோது பின்மதிலால் ஏறி, சிங்கள அயலவர் ஒருவரின் வீட்டுக்குள் குதித்தோம். மேசையும் டப்பாவும் வீட்டோடு எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் மூன்று வாரம் இருந்தேன். ஆயிரக்கணக்கானோர் நடுவே எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை. குரலைக் கொண்டே ஆட்களை அறிந்தேன். பின்னர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனபோதும் கரையைக் கண்டவர்கள் சொல்லித்தான் கரை வந்தது தெரிந்தது. மறு வில்லை கைக்கு வர ஏழு மாதம் சென்றது.

எண்பத்து மூன்றைப் பற்றிக் கண்கண்ட சாட்சியமாக நீ ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அச்சம் என்று சிலர் எழுதியும் இருக்கிறார்கள். நான் பதில் சொன்னதில்லை. கண்கண்ட சாட்சி என்று கையொப்பமிடப் பத்திரிகைக்காரனுக்குக் கண் வேண்டும். நான் கேட்டவற்றை எழுதியிருக்கலாம். எழுதியிருக்க வேண்டும் என்றே இப்போது தோன்றுகிறது.

மெல்பேண் நண்பர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, "அந்தக் காம்பிலே தண்ணிக் குழாயடியிலை நான் உமக்குக் கை காட்டினனான். நீர் நேரே பாத்துக்கொண்டு நிண்டனீர், ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பயத்திலை தெரியாத மாதிரி நிக்கிறீர் எண்டு நினைச்சனான்" என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு பழகியிருக்கிறார்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். கடின பிளாஸ்டிக்கில் சிலிக்கனைக் கலந்து ஒட்சிசன் ஊடுருவச் செய்யும் வழியை எழுபதுகளில் அமெரிக்க வேதியியலாளர் நோர்மன் கேலோர்ட் கண்டார். அந்த வகை எனக்கு 1988இல் கிடைத்தது. நள்ளிரவு வலி அன்றோடு நின்றது. மென்வில்லைகளுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பதை 1984இல் அவுஸ்திரேலியரான பிரையன் ஹோல்டனும் ஜோர்ஜ் மேர்ட்ஸும் அளந்து சொன்னார்கள். அந்த அளவை எட்டும் சிலிக்கன் மென்வில்லை கடைக்கு வர 1999 ஆயிற்று. அணிந்து எறிந்துவிடும் வில்லைகள் எண்பதுகளின் இறுதியிலும், ஒரு நாள் வில்லைகள் தொண்ணூறுகளின் நடுவிலும் வந்தன.

எமக்கு அவற்றால் என்ன? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கின் புகையில், கிடைத்த தாளில் பத்திரிகை அச்சிட்டோம். வில்லை கழுவும் கரைசலுக்கு எங்கே போவது? கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்புக் கரைத்துக் கழுவினேன். அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் நீரிலும் மண்ணிலும் வாழ்கிறது என்பதும், வில்லை வழியே கண்ணில் புகுந்தால் பார்வையைக் குடித்துவிடும் என்பதும், வீட்டில் உப்புநீர் கரைத்துக் கழுவியவர்களையே எண்பதுகளில் அது அமெரிக்காவில் கூடுதலாகத் தாக்கியது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தப்பியது என் நல்லூழ். கடைக் கரைசலையும் கண்மூடி நம்ப முடியாது. 2006இல் பவுஷ் அன்ட் லோமின் ஒரு வகைக் கரைசல், சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா ஆகிய இடங்களில் பூஞ்சணத் தொற்றோடு தொடர்புபட்டதால் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. வில்லைக்குக் குழாய் நீர் ஆகாது. பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றக் கூடாது. கண் சிவந்தால் அன்று வில்லை இல்லை. பிள்ளைக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

2014இல் தங்கையைப் பார்க்க ரொறன்ரோ சென்றிருந்தபோது, ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பெண் என் கண்ணைப் பரிசோதித்தார். எனக்கு மகள் வயதுகூட இருக்காது. கணினியில் என் விழிவெண்படலத்தைச் சிவப்பும் நீலமுமாக மலைப்படம் போல வரைந்து காட்டினார். "அங்கிள், உங்களுக்குச் சின்ன லென்ஸ் சரிவராது. கூம்பின் உச்சியிலை உரசுது, அதுதான் நோகுது. பெரிசு ஒண்டு போடுவம்" என்றார். கொண்டுவந்த வில்லையைக் கண்டு திகைத்தேன். பதினாறு மில்லிமீற்றருக்கு மேல் அகலமான கிண்ணம்! உணர்வு குறைந்த வெண்விழியில் அமர்ந்து, கூம்பைத் தொடாமல் மேலே வளைவாக நிற்கும். "இதுக்குள்ளே மருந்துத் தண்ணி நிரப்பி, குனிஞ்சு தரையைப் பாருங்கோ அங்கிள். குமிழி வரப்படாது" என்றார். 1888இல் சூரிச்சில் பிக் செய்தது அதுவேதான்: அதே கிண்ணம், உள்ளே அதே நீர். வேறுபாடு, இது ஒட்சிசனை உள்ளே விடுகிறது. 1983இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் டொன் எசக்கியேல் அத்தகைய பொருளில் பழைய பெருவில்லையை மீட்டெடுத்தார் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். எனது வீடு எரிந்த அதே ஆண்டு.

பொருத்திய அரை மணித்தியாலத்தில் கண்ணில் ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் என்னை உடனே அனுப்பவில்லை. நான்கு மணித்தியாலம் உலாவிவிட்டு வரச்சொல்லி, வில்லை எவ்வளவு தாழ்ந்து அமர்ந்திருக்கிறது என்று மறுபடி பார்த்து, வளைவை இரு முறை மாற்றிய பின்னரே இறுதி அளவை எழுதினார். நான் அறிந்தவரை, சுகமான வில்லை என்று பெட்டியில் எழுதி ஒன்றும் வருவதில்லை. வளைவு, அகலம், கண்ணீரின் அளவு, செய்யும் தொழில் எல்லாம் பார்த்துக் கண்ணுக்குக் கண் தேட வேண்டியிருக்கிறது. மூக்குக் கண்ணாடிக்கு எழுதிய இலக்கத்தை அப்படியே வில்லைக்குக் கொடுப்பதும் தவறு. கண்ணை நெருங்கும்போது வலு மாறும். முதல் வில்லை நோகிறதென்றால் அந்த வில்லை பொருந்தவில்லை என்பதே பொருள். பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. கூம்பு மேலும் வளராமல், உயிர்ச்சத்துத் துளிகளும் புறஊதா ஒளியும் கொண்டு விழிவெண்படலத்தை உறுதியாக்கும் சிகிச்சை ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கியது. இளவயதில் செய்தால் பலன் கூட. என் காலத்தில் அது இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். நேற்று மறுபடி அழைத்தார். பேத்தி பெருவில்லைக்கு அளவெடுக்கச் சம்மதித்திருக்கிறாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவரும் கூடப் போகிறாராம். பேச்சின் முடிவில், "இப்ப லென்ஸை எங்கை ஐசே வைக்கிறனீர்?" என்று கேட்டார். மேசையில் ஒரு சோடி, எந்நேரமும் சட்டைப்பையில் ஒரு சோடி, கொட்டாஞ்சேனையில் தங்கை மகன் வீட்டில் இன்னொரு சோடி என்றேன்.